பீர் குடித்த பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். உயூனி உப்புவெளியில் குளிர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இங்குள்ள மருந்தகத்தில் டாக்டர் இல்லை. நகரத்து டாக்டர் திரையில் நோயாளிகளைப் பார்ப்பதற்காக இணைய இணைப்பு கொடுக்கிறோம். திங்கட்கிழமை, இணைப்பை உள்ளே கொண்டுவரும் கேட்வே பெட்டியைச் சுவரில் மாட்டியதும், மேஸ்திரி எலியோதோரோ வழக்கப்படி பூமித்தாய்க்குப் பீர் ஊற்றினார். தரையில் ஊற்ற வேண்டியதைப் பெட்டி மேலேயே ஊற்றிவிட்டார். வெளியிலிருந்து வரும் கேபிளுக்கான போர்ட் செத்துப்போனது.

“பக்கத்து ஓட்டையில சொருகு புள்ள, எல்லாம் ஒண்ணுதான்.”

“அது உள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு, மேஸ்திரி. விளக்கு எரியும், டாக்டர் வரமாட்டாரு.”

“அப்ப வேற பெட்டி வரட்டும். பத்து நாள்தானே.”

ஆனால் புதன்கிழமை நிறைமாதப் பெண் ஒருத்தியை டாக்டர் பார்த்தாக வேண்டும். நான் விடவில்லை. பெட்டியில் கண்ணாடி இழைக் கேபிளுக்கான ஃபைபர் போர்ட் ஒன்று நனையாமல் இருந்தது. பழைய செம்புக் கேபிள் அதில் பொருந்தாது. வேனில் கிடந்த ஃபைபர் கேபிளை எடுத்து, சிக்னல் கோபுரத்தடியிலிருந்து மருந்தகம் வரை எண்பது மீட்டர் உப்பை வெட்டி நானே புதைத்தேன். புதன்கிழமை டாக்டர் திரையில் தெளிவாக வந்தார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். இருந்தது கிழிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் பஸ் ஹார்ன் அடிக்கிறது. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் போனைக் கையில் வைத்திருங்கள். இணைப்பைச் சோதிக்கத்தான். முகத்தில் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

உப்பு படிந்த கையோடு,
தெல்பினா