நீதானே அம்மா பக்கத்தில் கிடந்தாய்

கூரியரில் ஒரு தலையணை வந்தது அம்மா. கட்டில் நீளத்துக்கு, குதிரை லாடம்போல் வளைந்த தலையணை. உன் பேத்தி அதை வயிற்றுக்கு அடியிலும் முழங்கால்களுக்கு நடுவிலும் கொடுத்து ஒருக்களித்துக் கிடக்கிறாள். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. உறையைப் பிரித்தபோது புதுத் துணியின் கஞ்சி வாசனை எழுந்தது. உன் கோடிச் சேலையின் வாசனை. அதோடு நீயும் வந்து என் வீட்டில் உட்கார்ந்துகொண்டாய். அன்றிலிருந்து உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சத்தம் போட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தலையணை வந்த மறுநாள் மதியம் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களைக் கதவு வழியே பார்த்தால் அவள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக அப்படியே புரள்கிறாள். கரண்டியோடு ஓடினேன்.

"ஏட்டி! எழும்பி இருந்துட்டுத் திரும்பு! எத்தன மட்டம் சொல்லுதேன்!"

"எம்மா, கரண்டிய அங்கோட்டு மாத்து. வெந்த வெள்ளம் எனக்க மேல சொட்டுது."

"பிள்ளைக்குக் கொடி சுத்திரும் மக்கா."

"யாரு சொன்னா?"

நீ சொன்னாய். வேறு யார் சொன்னது?

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நெய்யாற்றின்கரையில் அவள் காட்டுகிற டாக்டர் சின்னப் பெண்தான், என் கேள்விக்குச் சிரிக்கவில்லை. "அம்மே, அதொந்நும் இல்ல" என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையாம். மல்லாந்து மட்டும் கிடக்க வேண்டாமாம். இடப்பக்கம் நல்லதாம், வலப்பக்கமானாலும் குற்றமில்லையாம். கொடி சுற்றுவது பிள்ளை உள்ளே நீந்திச் சுழல்வதால் வருகிறது, தாய் கட்டிலில் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். சுற்றிக்கொண்ட பிள்ளைகளும் பெரும்பாலும் சுகமாகத்தான் பிறக்கின்றனவாம். எழும்பி உட்கார்ந்து திரும்புவது இடுப்புக்குக் கேடில்லை, பிள்ளைக்காக என்றால் தேவையே இல்லை என்றாள்.

பாறசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கவில்லை. பயத்தில் இல்லை அம்மா, கோபத்தில்.

என் முதல் பேறுகாலத்துக்கு என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். கட்டிலில் நான், கீழே பாயில் நீ. கடைசி மாதம் எந்தப் பக்கம் கிடந்தாலும் வலிக்கும். திரும்ப வேண்டுமென்றால் எழும்பி உட்கார வேண்டும், ஆண்டவர் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு மறுபக்கம் சாய வேண்டும். உறக்கத்தில் மறந்துவிடுவேன் என்று உன் சேலை நுனியை என் வளையலோடு முடிந்து வைத்தாய். நான் அசைந்தால் உனக்கு இழுக்கும். இழுத்த உடனே, "பைய மக்கா, எழும்பி இரி" என்று என் முதுகைத் தாங்கினாய். உன் கை சூடு இன்னும் அந்த இடத்தில் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். நல்லதை எல்லாம் இவ்வளவு நன்றாகச் செய்தவள் அதற்குப் பிறகு அப்படி ஒரு வார்த்தை சொன்னாயே.

காலையில் முடிச்சை அவிழ்க்கும்போது கிணற்றடிப் பெண்களுக்குக் கேட்கும்படி பெருமை பேசுவாய்: "எனக்குத் தெரியாம எனக்க பிள்ள ஒரு விரல் அனங்க மாட்டா."

ஒரு சனிக்கிழமை வயிற்றில் அசைவே தெரியவில்லை, உன்னிடம் சொன்னேன். "எம்மா, பிள்ளைக்கு அனக்கம் இல்ல." நீ வெல்லம் போட்டுக் காப்பி தந்தாய். "ஒறங்குது ஆக்கும். நாளைக்கு ஆராதனை முடிஞ்ச உடனே போவோம்" என்றாய். மறுநாள் ஆராதனை முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆண்பிள்ளை. கழுத்தில் கொடி. அப்பா ஒரு துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

முந்தின நாளே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த டாக்டரிடம் எல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பிறகு பனச்சமூட்டிலிருந்து என் மாமியார் வந்தாள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் கதவுக்குப் பின்னால், பால் கட்டி நெஞ்சு கல்லாகி நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத பால்.

"என்ன பற்றிச்சு சம்மந்தி?" என்று நடந்ததைக் கேட்டாள்.

நீ கொஞ்சமும் தடுமாறவில்லை. "நான் சொல்லியும் கேக்கல்ல. ஒறக்கத்துல புரண்டுட்டா ஆக்கும்."

என் வளையலில் உன் சேலை நுனி இருந்தது அம்மா. எனக்குச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தி எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாள்.

அதோடும் நிறுத்தவில்லை. மாலை ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலில் நின்றபோது உரக்க ஜெபித்தாய்: "கர்த்தாவே, என் மகள் அறியாமல் செய்த பிழையை மன்னித்தருளும்." மாமியார் ஆமென் சொன்னாள். அப்பா ஆமென் சொன்னார். நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்திருப்பேன்! பள்ளிக்கூடத்தில் நமக்கு மலையாளம்தான். தமிழ் எழுத்தை வேதப்புத்தகத்தில் விரல் வைத்து நானாகக் கூட்டிப் படித்தேன் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாயே, எதற்காகப் படித்தேன் என்று கேட்டாயா? பிள்ளையைக் கொன்றவளுக்கு மன்னிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத்தான். பால்காரர் அளவில் கொஞ்சம் குறைத்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்கிறவள். இந்த ஒரு கணக்கை மட்டும் நீ சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டேன், கூட்டிப் பார்க்கவே இல்லை.

இந்த மகளைச் சுமந்தபோது நான் படுக்கவே இல்லை. கடைசி மாதங்களில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, உட்கார்ந்தபடியே கண் மூடினேன். இடுப்பு அன்று போனது, இன்னும் திரும்பி வரவில்லை. நீ பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "இப்போ பாடம் படிச்சுட்டா பாத்தியளா" என்று மாமியாரிடம் சிரித்தாய்.

ஒரே ஒரு முறை கேட்டேன். இரண்டு பேரும் புளி உடைத்துக்கொண்டிருந்தோம்.

"எம்மா, நான் புரண்டேனா?"

நீ கொட்டையை எடுத்துத் தனியே போட்டாய். "உன்ன அவிய திரும்பவும் வீட்டுக்குக் கொண்டு போனாவ இல்லியா?"

"நான் கேட்டது அது இல்ல."

"குடும்பத்தோட இருக்க இல்லியா? பின்ன என்ன? விடு மக்கா." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

அந்தப் பதிலை இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன். வயிறு சரியில்லாத பெண் என்று பேர் வந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். புரண்டாள் என்றால் அது ஒரு தவறு, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். அப்படி எண்ணித்தான் சொல்லியிருப்பாய். சனிக்கிழமைக் காப்பியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற பயமும் அதில் இருந்திருக்கும். இரண்டும் உண்மையாக இருக்கலாம். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய் என்றே வைத்துக்கொள்வோம். மாமியார் ஊருக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, "நீ புரளல்ல மக்கா, நான் பக்கத்துல கெடந்தேன், எனக்குத் தெரியும்" என்று என் காதில் ஒரு முறை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? அவர்களுக்குச் சொன்ன பொய்யைப் பொறுத்துக்கொள்வேன். எனக்கும் அதையே சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நேற்று மகளின் மாமியார் காஞ்சிரங்குளத்திலிருந்து வந்திருந்தாள். நல்ல மனுஷி, வரும்போது நெய்மீன் கொண்டுவந்தாள். காப்பி குடித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்: "மக்கா, புரண்டு கெடக்கப்பிடாது கேட்டியா? எழும்பி இருந்துட்டாக்கும் திரும்பணும்."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"சம்மந்தி, அவ இஷ்டம்போலத் திரும்பிக் கெடக்கட்டு. டாக்டர்ட்ட நானே கேட்டாச்சு. நாளைக்கு நல்லதே வரும், கர்த்தர் பாத்துக்கிடுவாரு. ஆனா என்ன வந்தாலும் அது இவ புரண்டதால இல்ல. நான் இப்பளே சொல்லிட்டேன். பின்ன யாரும் அந்தப் பேச்சு எடுக்கப்பிடாது."

"நான் ஒரு வாக்குக்குச் சொன்னேன். அதுக்கு எதுக்கு சம்மந்தி இவ்வளவு வெப்பிராளம்?"

அவள் போன பிறகு மகள் என்னை முறைத்தாள். "எம்மா, நெய்மீன் கொண்டு வந்தவியகிட்டயா சண்டைக்கு நிப்ப?"

"மீன் நல்ல மீனாக்கும், பொரிச்சுத் தாறேன். நீ எப்படி வேணும்னாலும் திரும்பு. ஆனா பிள்ளைக்கு அனக்கம் குறைஞ்சா அந்த நிமிஷமே எனக்கிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் செரி, நான் பிரசங்கத்துக்கு நடுவுல எழும்பி வாறேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "செரிம்மா" என்றாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. ஜெபத்தில் முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை. ஆண்டவரிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று எழும்பிவிட்டேன்.

இன்று மதியம் மகள் உறங்கியதும் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். உனக்குத் தெரியுமா, வயிற்றில் பிள்ளை இல்லாத இத்தனை வருஷமும் நான் எழும்பி உட்கார்ந்துதான் திரும்புகிறேன். கிழவியாகப் போகிறேன், இன்னும் அப்படித்தான். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே புரண்டேன். இடுப்பு சுளீர் என்றது. என் கை தானாகப் போய் வளையலைப் பிடித்துக்கொண்டது, யாராவது இழுக்கிறார்களா என்று.