பன்னண்டு அடி ஆழத்துப் பல்லு

ஜூன் 3, செவ்வாய். கடலூர்.

வெயில் கொளுத்துது. காலைலேருந்து கரண்ட் இல்ல. நாலாம் அத்தியாயம் ரெண்டு பக்கமாவது எழுதணும்னு உக்காந்தேன். எழுதினது ரெண்டு வரி. அதுலயும் ஒண்ணு அடிச்சாச்சு.

பதினோரு மணிக்கு மச்சான் போன். என் பொண்டாட்டி சசியோட தம்பி, காடாம்புலியூர்ல முந்திரித் தோப்பு வச்சிருக்கான். பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி விட்டானாம். "மாமா, நீங்க வருசக்கணக்கா தேடுறீங்களே, அது கெடச்சிருச்சு!"

வாட்ஸப்ல போட்டோ. தாடை எலும்புத் துண்டு, ரெண்டு கடவாப்பல்லு. மனுசப் பல்லு, சந்தேகமே இல்ல.

"எவ்ளோ ஆழம்டா?"

"பன்னண்டு அடி மாமா. சரளைக்குள்ள."

ஆதி மனுசன் இந்தப் பக்கம் வந்தான்னு சொல்ல நம்மகிட்ட கல்லாயுதம் இருக்கு, எலும்பு இல்ல. இந்தச் செம்மண்ணு எலும்பத் தின்னுடும். ஏழு வருசமா என் பிஎச்.டி.யே அந்த ஓட்டையச் சுத்தித்தான். கடைசி எக்ஸ்டென்ஷன் இந்த மாசம் முப்பதோட முடியுது. அதுக்குள்ள தீசிஸ் குடுக்கலன்னா அவ்ளோதான்.

மூணு தடவ சொன்னேன், எதையும் தொடாதடான்னு. "கவலையே படாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

அதான் பயமா இருக்கு.

ஜூன் 4, புதன்.

எடுத்துட்டுப் போனது: டேப், பிரஷ், பஞ்சு, கவர், கேமரா, புள்ளைங்களுக்கு பிஸ்கட். பண்ருட்டி பஸ்ல நின்னுக்கிட்டே. பக்கத்துல ஒரு அம்மா, மடியில பலாப்பழம், முள்ளு என் முழங்கால்ல. "தள்ளி நில்லு தம்பி, பழம் நசுங்குது." பழம் நசுங்குதாம்!

தோப்புக்குப் போனா பள்ளத்துல எலும்பு கெடச்ச ஓரத்தையே காணோம். மூடிட்டான். மூடி, சமமாக்கி, தண்ணி தெளிச்சுப் பெருக்கியும் விட்டிருக்கான்.

"நீங்க வர்றீங்க, கால் இடறி உள்ள உழுந்துட்டா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

எலும்பு எங்கடான்னேன். பெருமையா எடுத்துட்டு வந்தான். சீயக்கா போட்டுத் தேச்சுக் கழுவி, முந்திரித் தோல் எண்ணெய் தடவி வெயில்ல காயவச்சிருக்கான். கன்னங்கரேல்னு பளபளக்குது. இங்க ஏணி, கதவு, கட்டில் காலு எல்லாத்துக்கும் அந்த எண்ணெய்தான், கரையான் அண்டாது.

"நூறு வருசம் ஒண்ணும் ஆவாது மாமா."

பல்லாயிரம் வருசம் மண்ணுல கெடந்ததுக்கு இவன் நூறு வருசம் கேரண்டி குடுக்குறான். தலையில அடிச்சுக்கிட்டேன். இனி எந்த லேபுக்கு அனுப்பி வயசு பாக்குறது? தெரியாம கையால வேற தொட்டுட்டேன். அந்த எண்ணெய் பட்டாத் தோலு வெந்துரும், ரெண்டு வெரல் கொப்புளிச்சுப் போச்சு.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதையும் சொல்லணும்.

ஜூன் 6, வெள்ளி. சிதம்பரம்.

கைடு வீட்டுல. லென்ஸ் வச்சு எலும்பப் பத்து நிமிசம் பாத்தார், காப்பி ஆறிப்போச்சு. "பிரமாதம்யா." எண்ணெய் கதையச் சொன்னேன். கண்ண மூடிக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "டெஸ்ட் போச்சு. இனிமே எந்த அடுக்குலேருந்து எடுத்ததுங்கறதுதான் சாட்சி. எழுதிக்கோ. பன்னிரண்டு அடி ஆழத்தில், சரளை அடுக்கில், ஆய்வாளர் முன்னிலையில் எடுக்கப்பட்டது."

"நான் அங்க இல்லயே சார்."

"உன் மச்சான் இருந்தார்ல? குடும்பத்துல ஒருத்தர் இருந்தாப் போதாதா?"

இவர்கிட்ட ஏழு வருசம் படிச்சிருக்கேன்.

திங்கக்கிழம கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். "இதோட உன் தீசிஸ் முடிஞ்சுது." திரும்பி வர்ற பஸ்ல கோவத்தோடதான் உக்காந்தேன். ஆனா நன்றியுரை மனசுல தானா ஓடுச்சு. முனைவர்னு பேருக்கு முன்னாடி போட்டும் பாத்தேன். வெக்கமா இருக்கு, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.

ஜூன் 8, ஞாயிறு.

மனசு கேக்கல. ஓரத்தையாவது வெட்டி அடுக்கப் படம் எடுத்துரலாம்னு திரும்பவும் காடாம்புலியூர். மச்சான் மொகத்துல ஈயாடல. "இப்ப எதுக்கு மாமா? வெயில் ஜாஸ்தியா இருக்கு." நான் விடல. அதே ஜேசிபி, அதே டிரைவர்.

அந்தாளு வண்டிய நிறுத்திட்டுக் கேட்டாரு: "அந்தப் பல்லுக்கா சார் இவ்ளோ ஆழம் வெட்டச் சொல்றீங்க? அது மொத வாளியிலயே வந்துருச்சே. ரெண்டடி இருக்கும். இந்த ஓரம் முன்னாடி பொணம் பொதைக்கிற எடம்னு சொல்லுவாங்க."

மச்சானப் பாத்தேன். தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

"ஏண்டா?"

"ஆழமா இருந்தாத்தான் பழசுன்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க. உங்க படிப்பு முடியலன்னு பொங்கலுக்கு வந்தப்ப அக்கா அழுதுச்சு. அக்கா அழுது அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல."

அடிக்கணும் போலயும் இருந்துச்சு, கட்டிப்பிடிக்கணும் போலயும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல. கத்துனேன். ரொம்ப நேரம் கத்துனேன். என் மேலயும் சேத்துத்தான்.

வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லிட்டு, எடுத்த எடத்துலயே திரும்பப் பொதச்சோம். மச்சான் சூடம் ஏத்துனான். யாரோ, எவரோ. அவுங்க பல்ல எண்ணெயில ஊறவச்சுப் பையில போட்டுக்கிட்டு பஸ் பஸ்ஸா சுத்தியிருக்கேன்.

ஜூன் 9, திங்கள்.

கைடுக்குப் போன். ரெண்டடின்னேன்.

"யாருக்குய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். ஜேசிபிக்காரருக்கும் தெரியும்."

"ஏழு வருசம்யா."

அதை அவர் எனக்குச் சொல்றாரு! கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன். வச்சிட்டார்.

சசிகிட்ட சொன்னேன். அவ அழல. "தம்பியத் திட்டுனீங்களா?" "திட்டுனேன்." "நல்லா திட்டுனீங்களா?" "நல்லாவே." "சரி, சாப்புடுங்க." ரசம், அப்பளம். சாப்புட்டு முடிச்சதும் மேசையத் தொடச்சு, லேப்டாப்ப எடுத்து வச்சா. அவ அழுதிருந்தாக்கூட எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்.

மேகமூட்டம், மழை இல்ல. கரண்ட் இருக்கு. கொப்புளம் ஒடஞ்சு டைப் அடிக்க எரியுது. முப்பதாம் தேதிக்கு இருவது நாள்.

நாலாம் அத்தியாயத்தோட மொத வரிய அடிச்சுட்டு வேற எழுதினேன்: இப்பகுதியில் ஆதி மனிதரின் எலும்பு இதுவரை கிடைக்கவில்லை.