உள்ளங்கால் பார்த்தவனுக்கு

இன்று கம்பெனியில் புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. போடும் முன் கவிழ்த்துத் தட்டினேன், உள்ளே கைவிட்டுத் தடவினேன். புதிதாகச் சேர்ந்த ஆனேக்கல் ஊர்க்காரர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

உன் ஷூவுக்குள் விழுந்த இரும்புப் பிசிறை இரண்டு நாள் மிதித்துக்கொண்டே வேலை பார்த்தவன் நீ. சர்க்கரை நோய் உன் பாதத்தை மரத்துப்போகச் செய்திருந்தது. "வலிக்கவே இல்லடா, வலிச்சிருந்தா பாத்திருக்க மாட்டனா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டாய். கட்டைவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் விதியை நொந்துகொண்டிருப்பார்கள். நீயோ வேலைக்குத் திரும்பிய அன்றே, உடை மாற்றும் அறையில் சர்க்கரைக்காரர்களை, என்னையும் சேர்த்து ஏழு பேரை, பெஞ்சில் உட்கார வைத்தாய். "இந்தத் தொப்பைய வச்சிக்கினு உன் உள்ளங்கால உன்னால பாக்க முடியாது. உன்னுத நான் பாக்கறேன், என்னுத நீ பாரு." அடுத்தவர் மடியில் காலை வைப்பதா? என் கால் உன்மேல் பட்டபோதெல்லாம் உன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தெனமும் கும்பிட நான் என்னா முனீஸ்வரனா? ஒழுங்கா நீட்டுடா!" என்று முட்டியில் தட்டினாய்.

அப்படித்தான் ஒருநாள் என் சுண்டுவிரலுக்கு அடியில் புண்ணைக் கண்டாய். எனக்குத் தெரியவே தெரியாது. ஷிப்ட் முடியட்டும் என்றேன். கேட்கிற ஆளா நீ? சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு பெர்மிஷன் வாங்கி, பைக்கில் ஏற்றிக்கொண்டு போனாய். மருந்து கட்டிய டாக்டர், "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா அட்மிட் பண்ணியிருக்கணும்" என்றார். மறுவாரம் நான் வேலையில் இருந்தேன்.

உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. அதை முன்கூட்டிப் பார்க்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன வாரம் உன் வருஷத் திதிக்கு ஏழு பேரும் உன் ஊர் பாரூருக்கு வந்திருந்தோம். "லீவு போட்டு இத்தன பேரு வந்திருக்கீங்களே அண்ணா" என்றது உன் வீட்டுக்காரி.

"அவன் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்கள்ல ஒருத்தரும் கால் புண்ணுன்னு ஆஸ்பத்திரில படுக்கல தங்கச்சி. இப்ப நான்தான் எல்லாருக்கும் பாக்கறேன்" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

அது உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தது. "எங்க, எல்லாரும் நீட்டுங்க. அவருக்கு நான் பதில் சொல்லணும்ல?"

உன் வீட்டுக் கூடத்தில் ஏழு பேரும் வரிசையாகக் காலை நீட்டினோம். ஒவ்வொரு பாதமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லையடா.