ஈரச் சுவரில் தெரிந்த குடை

இன்று காலை எங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தார்கள். பார்லிமெண்ட் தேர்தல் வருகிறது. செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து நம் ஊர் வளைவு வரைக்கும் வெறும் சுவர் ஒன்றுகூட மிச்சமில்லை. காலனியில் ரோட்டைப் பார்த்து நிற்பது எங்கள் சுவர் ஒன்றுதான் என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கி. வாளியில் கரைத்த சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது.

மட்டையை முக்கி முதல் இழுப்பு இழுத்தார்கள். ஈரம் பட்டதும் பழைய பூச்சுகளுக்கு அடியிலிருந்து உன் குடை மெல்ல எழுந்து வந்தது. காவியில் கைப்பிடி, சொட்டு நீலத்தில் துணி. ஒரு கம்பி மட்டும் கோணல். அது நான் வரைந்தது.

"இன்னாக்கா, அடியில குடை தெரியுது? எந்தக் கட்சி இது?" என்று கேட்டான் அடித்துக்கொண்டிருந்தவன்.

"கட்சி இல்ல. ஒரு பொண்ணு" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. வெயில் ஏறியது. சுண்ணாம்பு காய்ந்து வெளுக்க வெளுக்க, குடை உள்ளே போய்விட்டது. நான் அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியவை சேர்ந்துவிட்டன. அதனால் எழுதுகிறேன்.

நாம் செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிளஸ் டூவோடு உன்னைத் தையல் மெஷினுக்கு அனுப்பினார்கள். நான் திண்டிவனம் காலேஜுக்கு பஸ் ஏறினேன். இருந்தும் சனிக்கிழமைகளில் நூலகத்திலிருந்து திரும்பும்போது உன் மெஷின் பக்கத்தில் வந்து உட்காராமல் எனக்கு வீடு போக முடியாது. நீ ஊருக்குள், நான் காலனியில். உன் வீட்டில் எனக்கென்று தனி டம்ளர் ஒன்று இருந்தது. அதை நீ ஒருநாள் பொத்தான் போட்டு வைக்க எடுத்துக்கொண்டாய். அப்புறம் எல்லா டம்ளரும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. உன் அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

நான் படித்த கதைகளை உனக்குச் சொல்லுவேன். "முடிவ மட்டும் சொல்லுடி. நடுவுல இருக்கறத தைக்கும்போது நானே யோசிச்சிக்கறேன்" என்பாய். மக்களாட்சி பற்றி நான் கனமான புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நீயும் ஒன்றிரண்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதுல எங்கியும் நம்ம ஊரு கோயில் கூட்டம் வரலியே" என்று திருப்பிக் கொடுத்தாய்.

கோயில் கூட்டம் வந்தது. நெடுநாள் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்திருந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் தேர்தலே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். யார் கோயில் மண்டபத்தைக் கட்டிக் கொடுக்கிறாரோ அவரே தலைவர். வேறு யாரும் மனுப் போடக் கூடாது. ரோடு வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். சண்டை இல்லை, செலவு இல்லை, ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. உன் நைனாவும் அந்தக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்தபோது, நான் உன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏகமனதா முடிஞ்சிச்சி" என்றார், துண்டை உதறி ஆணியில் மாட்டியபடி.

"யார் யார் மனசு நைனா?"

"எல்லார் மனசும்தான்."

"அம்மா வந்தாங்களா? நான் வந்தேனா? இவ வந்தாளா? காலனியில இருந்து யாராச்சும் வந்தாங்களா?"

"பொம்பளைங்களுக்குக் கூட்டத்துல இன்னா வேலை?"

"அப்ப பாதி மனசுன்னு சொல்லு."

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிட்டார். நீ மெஷினை மிதித்தபடி, தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னாய்: "நான் நிக்கப்போறேன்டி."

நான் சிரித்தேன். ஜெயிக்க முடியாது என்றேன். "ஜெயிக்க எவ நிக்கறா? ரெண்டு பேரு நின்னாத்தான் ஓட்டுப் பெட்டி நம்ம ஊருக்கு வரும். பெட்டி வந்தாத்தான் எங்கம்மா ஒரு தடவையாச்சும் யாரும் பாக்காத எடத்துல நின்னு தன் மனசுல இருக்கறத குத்துவாங்க." நான் படித்த அத்தனை பக்கங்களுக்கும் பிறகு, மக்களாட்சி என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது அந்த மெஷின் சத்தத்தில்தான்.

விஷயம் பரவியதும் கான்ட்ராக்டரே உன் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மோர் வாங்கிக் குடித்தார்.

"பாப்பா, சாமி காரியம்னு ஒத்துக்கினேன். நீ நின்னா எனக்கு அசிங்கம்."

"நீங்களே ஜெயிங்க மாமா. ஓட்டு வாங்கி ஜெயிங்க, அவ்வளவுதான்."

"மண்டபம்?"

"சாமிக்குச் சொன்னத சாமிக்குச் செய்யுங்க. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டது யாரு?"

அவர் உன் நைனாவைப் பார்த்தார். உன் நைனா மாட்டைப் பார்த்தார்.

மனுவில் முன்மொழிய ஊர் வாக்காளர் ஒருவர் கையெழுத்து வேண்டும். என்னைவிட ஒரு வயது மூத்த நீ அப்போதுதான் பட்டியலில் ஏறியிருந்தாய்; எனக்கு இருபத்தொரு வயதாகாததால் நான் வாக்காளரே இல்லை. அந்த வயசு உனக்கு எப்போதும் எரிச்சல். "பதினெட்டுல கல்யாணம் கட்டு, புள்ள பெத்துக்கோன்றாங்க. ஓட்டு மட்டும் குத்தத் தெரியாதாமா?" என்பாய். உன்னிடம் ஜாக்கெட் தைக்கும் அக்காக்கள் போடுகிறேன் என்றார்கள். வீட்டுக்குப் போய் வந்து மாட்டேன் என்றார்கள். காலனியில் எங்கள் அப்பா போட முன்வந்தார். நீதான் வேண்டாம் என்றாய். அறுப்புக் காலம், கூலிக்குக் கூப்பிடாமல் நிறுத்திவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். "என் வீம்புக்கு உங்க அடுப்பு அணையக் கூடாது மாமா" என்றாய். எங்கள் அப்பாவை ஊருக்குள்ளிருந்து ஒருவர் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கடைசி நாள். என்னைக் கேரியரில் உட்காரவைத்து நீ சைக்கிள் மிதித்தாய், ஊர்த் தெரு வழியாகவே. கையெழுத்து இல்லாத மனு என் மடியில் இருந்தது. "யாரும் போடலன்னா இன்னாடி செய்யறது?" என்றேன். "ஆபீஸ் வாசல்ல உக்காருவோம். யாரும் போடலன்றது ஆபீசருக்காச்சும் தெரியட்டும்." ராஜகிரிக் கோட்டை மலை முழுக்க வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஒன்றிய அலுவலகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கான்ட்ராக்டரின் ஆட்கள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். "தாயீ, டைம் ஆவுது, வூட்டுக்குப் போயி சோறாக்கு!" என்றான் ஒருவன். "ஆக்கி வச்சிட்டுதான் வந்தேன், உனுக்கும் வோணுமா?" என்றாய். மனு வாங்கும் நேரம் முடியப்போகிறது என்று பியூன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் உன் நைனா வந்தார். களத்திலிருந்து அப்படியே சைக்கிளை எடுத்திருந்தார். தோளெல்லாம் வைக்கோல் தூசி. யாரிடமும் பேசாமல் என் மடியிலிருந்த தாளை எடுத்தார்.

"நான் உனுக்கு ஓட்டுப் போட மாட்டேன். கூட்டத்துல வாக்குக் குடுத்துட்டேன்."

"போட வாணாம் நைனா."

"ஆனா நீ நிக்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. காலையில இருந்து யோசிச்சிட்டேன், வரல. எங்க போடணும், காட்டு."

உன் கண் கலங்கியதை அன்று ஒரு தடவை பார்த்தேன். மறுகணமே, "நேராப் போடு நைனா, கோணலாப் போட்டா தள்ளிடுவாங்க" என்று அதட்டினாய். அவர் நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எழுத்து எழுத்தாகப் போட்டார். எதிர்க் கடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்குக் குடைச் சின்னம் கொடுத்தார்கள். மாசி மாதத்தில், மேகமே இல்லாத செஞ்சியில், குடை! ஊரெல்லாம் கேலி. "ஆமா, வெயிலுக்குப் புடிங்க" என்றாய். மற்றவர்கள் இரவோடு இரவாகச் சுவர் பிடித்தபோது, நீ ஒவ்வொரு வீட்டிலும் போய், "உங்க சுவத்துல வரையலாமா?" என்று கேட்டாய். கேட்டால் இல்லையென்றுதான் சொல்லுவார்கள் என்று நான் முணுமுணுத்தேன். "இல்லன்னு சொல்லட்டுமே. இல்லன்னு சொல்லிப் பழகினாத்தானே நாளைக்கு வேற எடத்துலயும் சொல்லுவாங்க" என்றாய். கடைசியில் கிடைத்தது எங்கள் சுவர் ஒன்றுதான். எங்கள் அம்மாவிடமும் நீ கேட்டுவிட்டுத்தான் சுண்ணாம்பைக் கரைத்தாய்.

நீ நின்றதால் கான்ட்ராக்டரும் நடக்க வேண்டியதாயிற்று. எந்த வாசலுக்கும் போகாமலே தலைவராகியிருக்க வேண்டியவர், கும்பிட்ட கையோடு எங்கள் காலனிக்குள் வந்தார். எங்கள் சித்தி அவரை விடவில்லை. "ஓட்டு கெடக்குதுபா. மொதல்ல இந்த அடிபம்ப அடி, தண்ணி வருதா பாரு" என்றாள். அவரும் அடித்தார். பம்பு கத்தியதே தவிர ஒரு சொட்டு வரவில்லை. "எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டார். சித்தி சிரித்த சிரிப்பில் அவருடைய ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஓட்டுப்பதிவு நாளில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேலத்தெருப் பெரியம்மா ஒருத்தி வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். கான்ட்ராக்டரின் ஏஜெண்ட் குதித்தான். "சார், சின்னத்தத் தூக்கினு வராங்க சார்!"

"அடப் பாவி, மண்ட காயுதுடா!" என்றாள் பெரியம்மா.

அதிகாரி யோசித்துவிட்டு, குடையைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரைக்கும் அந்தப் போலீஸ்காரர் விழித்தபடி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் கையைக் கட்டி நின்றிருந்த நீ சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாருக்குப் போட்டார் என்று நீ கேட்கவில்லை. நான் கேட்கப் போனபோது என் கையைக் கிள்ளினாய்.

தோற்றாய். உனக்கு ஓட்டுப் போட்டவர்களை ஏற்றினால், நிற்பவர்களையும் சேர்த்து ஒரு டவுன் பஸ் நிரம்பியிருக்கும். நான் அழுதேன். நீயோ மாலை வாங்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்டரிடம் நேராகப் போய், "மாமா, பம்பு" என்றாய். அந்த மாதத்திலேயே காலனிப் பம்பில் தண்ணீர் வந்தது. வராவிட்டால் நீ விட்டிருக்க மாட்டாய். மனு எழுத என்னைத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தாய். தேர்தல் முடிந்த மறுநாள்தான் வேலை ஆரம்பிக்கிறது என்பது உன் கணக்கு. கிராம சபை எப்போது, ரேஷன் கடை ஏன் திறக்கவில்லை, தெரு விளக்கு ஏன் எரியவில்லை என்று, தோற்றவள் நீதான் கேட்டுக்கொண்டிருந்தாய். ஜெயித்தவர் பதில் சொல்லிப் பழகினார்.

போன ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் திரும்பக் கொண்டு வந்த வேனில், உன் நைனாவுக்குப் பக்கத்தில் கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

ஓட்டுப் போடும் வயசைப் பதினெட்டாக்கிவிட்டார்கள், தெரியுமா? வானொலியில் கேட்டதும் உன்னிடம் சொல்லத்தான் எழுந்தேன். செருப்பை மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது. என் தங்கைக்கும், உன்னிடம் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் பழகிய பெண்களுக்கும் இந்தத் தடவை ஓட்டு. எனக்கு அவர்களிடம் ஒரு சின்னப் பொறாமை. அவர்களைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போய்ப் பெயர் சேர்த்துவிட்டேன். யாருக்குப் போட வேண்டும் என்று கேட்டார்கள். உன்னை நினைத்துக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்றேன். பேப்பர் படியுங்கள், வந்து கேட்பவர்களைத் திருப்பிக் கேளுங்கள் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் மறுபடியும் கூட்டம். ஊரே ஒரே சின்னத்துக்குக் குத்த வேண்டும் என்று பேச்சு. தங்கையும் அந்தப் பெண்களும் போய்ப் பார்க்கலாம் என்று இழுக்க, நானும் போனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் நின்றோம். உனக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே எழும்பாது. காலேஜில் பேச்சுப்போட்டி என்றால் லீவு போட்டவள்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் பெரியவர்.

எல்லோரும் எழுந்து துண்டை உதறத் தொடங்கினார்கள். உன் நைனா மட்டும் எழவில்லை.

"இரு இரு" என்றார். "எல்லாரும் இங்க இருக்காங்களா மொதல்ல? காலனியில இருந்து யாருனா வந்துக்கிறாங்களா? பொம்பளைங்க யாருனா இருக்கிறாங்களா?"

"இது இன்னா புதுசா?" என்றது ஒரு குரல்.

"புதுசில்ல. எங்க வூட்டுல ஒருத்தி கேட்டதுதான். அன்னிக்கி பதில் சொல்லாம வுட்டுட்டேன்."

அவர் கண் கூட்டத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நின்றது. ஒன்றிய அலுவலகத்து வேப்பமரத்தடியில், நேரம் முடியப்போகும்போதும் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது எனக்குள் இருந்தது. நான் ரோட்டைக் கடந்தேன். தங்கை பின்னால் வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள்.

"இருக்கோம்" என்றேன். "எங்களுக்குச் சம்மதமில்ல. அவங்கவங்க ஓட்ட அவங்கவங்க போடட்டும்."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் கோயில் சுவர் வரைக்கும் கேட்டது. உன் நைனா துண்டை எடுத்து, தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டித் துடைத்தார், நாங்கள் உட்காருவதற்கு.