கரியில் விழுந்த சீம்பால்

சண்டையிலும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட அண்ணாவுக்கு,

நேற்று சாயங்காலம் தூறல் விட்டதும் தோட்டத்தில் கரி மூட்டினேன். புகை வாழைக்கு மேலே ஏறாமல் தரையோடு படர்ந்தது. அதற்குள் நீ குந்தி உட்கார்ந்து விசிறுவது போலவே இருந்தது. கூப்பிட்டால் கலைந்துவிடுவாயோ என்று வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா?

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து நீ குருவிநத்தத்துக்குத் திரும்பி வந்தாய். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் தினமும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாய். அந்த ஐப்பசி முழுக்க நீ மார்செய் துறைமுகத்தைப் பற்றிப் பேசினாய், நான் கேட்டேன். கப்பல் சங்கு, மாடிக்கு மாடி காயும் துணி, தெருமுனையில் சுடும் ரொட்டி. பெண்ணையாற்றின் மேல் மழை இறங்கும்போது அந்த ஊரே அக்கரையில் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ரொட்டிக்குப் பெயர் பீட்சா என்றாய். "சுட்டுக் காட்டறேன் பாரு பாப்பா" என்று கோதுமை மாவில் கள்ளை ஊற்றிப் பிசைந்து பொங்க வைத்தாய். செங்கல் மேல் பழைய ஜன்னலின் கம்பிச் சட்டம், கீழே சவுக்குக் கரி. தட்டிய மாவின் மேல் தக்காளி, வெங்காயம், நெத்திலிக் கருவாடு. அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அங்க இதும்மேல பாலாடைக்கட்டி போடுவாங்க. இங்க அதுக்கு எங்க போறது?" என்றாய். என் செவலைப் பசு கன்று போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உன் கண் சீம்பால் செம்பின் மேல் போனது.

அவித்துக் கட்டியாக்கித் தருகிறேன் என்றேன். உனக்குப் பொறுமை ஏது? பச்சையாகவே ஊற்றினாய். ரொட்டியின் ஓரம் சரிந்து பால் கரியில் கொட்டியது. பால் நெருப்பில் விழுந்தால் மாட்டின் மடிக்கு ஆகாது என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மூன்றாம் நாள் செவலையின் மடி கல்லாக வீங்கியது. ஒரு காம்பு அடைத்தே போனது.

நான் தெருவில் நின்று கத்தினேன். "எம் மாட்டக் கெடுத்துட்டியே! இன்னா கை அண்ணா அது? இனிமே எந்தக் கொட்டாயிலயும் கால வைக்காத!"

வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் உன்னைத் தங்கள் மாட்டருகே விடவில்லை. நீ மட்டும் மடி வீக்கத்துக்குப் பூசக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து, என் வேலியோரம் தினமும் வைத்துவிட்டுப் போனாய். மாட்டுப்பொங்கலன்று எல்லோரும் கொட்டகையில் இருக்க, நீ சந்தில் தனியாக நின்றாய். அப்படி ஐந்து பொங்கல். பார்த்தும் நான் கூப்பிடவில்லை. போன வருஷம் ஆடியில் காய்ச்சல் வந்து, போயே போய்விட்டாய்.

போன வாரம் அடுத்த வீட்டு எருமைக்கும் மடி வீங்கியது. அரசாங்க மாட்டு வைத்தியர் வந்தார். அவரிடம் உன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பாலு நெருப்புல வுழுந்தா மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுமா. ஈரச் சாணியில படுத்தாதான் இந்த நோவு வரும். அந்த வாரம் கொட்டாய் சுத்தமா இருந்துச்சா?"

அந்த வாரமா? அந்த வாரம் நான் மார்செயில் இருந்தேன், அண்ணா. சாணி அள்ளவில்லை, துடைப்பத்தைத் தொடவில்லை. நீ சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது. உன் கை நல்ல கை. இதைக் கேட்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

செவலை மறுபடி கன்று போட்டிருக்கிறது. நேற்று அவித்த சீம்பாலைத் துண்டு போட்டு உன் ரொட்டியின் மேல் வைத்தேன். அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காய்ச்சல்ல பொலம்பும்போது கூட செவலைக்கு எப்படி இருக்குதுன்னுதான் கேட்டாரு" என்றார் அண்ணி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை. ரொட்டி ஒரு பக்கம் கருகியே போய்விட்டது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றோம்.

உன் பெண்டாட்டி என்பதால் அண்ணியையும் இந்த ஊர் மாட்டருகே விடுவதில்லை. தை வரட்டும். எந்தத் தெருவில் நின்று கத்தினேனோ அதே தெருவில் நின்று என் தப்பைச் சொல்வேன். செவலைக்கு முதல் மாலையை அண்ணிதான் போடுவார். தாலி இழந்தவள் போடலாமா என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு என் வாய் இருக்கிறது.

அன்றைக்கு நீயும் வெளியே நிற்காதே, அண்ணா. உள்ளே வா.

உன் பெயரைக் கெடுத்த கூடப்பிறந்தவள்,
பாப்பா