முகம் வரையாத நாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்ல" என்று எழுதினால் நம்ப மாட்டேன். நான் நன்றாக இருக்கிறேன்.

கால்நடை மருத்துவமனைச் சுவரில் விலங்குகள் வரைகிற வேலை பாதி முடிந்துவிட்டது. ஜப்பானியத் தத்துவம் பற்றி ஒரு புத்தகம் படிக்கிறேன். ஓர் உயிரை வரைய வேண்டுமென்றால், நம்மையே மறக்கும்வரை அதைப் பார்க்க வேண்டுமாம். அதனால் செவ்வாய்க்கிழமை, கால் முறிந்த நாய் ஒன்றின் பக்கத்தில் தரையிலேயே படுத்துவிட்டேன். மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்து, நர்ஸம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றார். அப்படி ஒருவர் கேட்டு வெகுநாளாகிறது. இன்னும் கொஞ்ச நேரம் படுத்தே இருந்தேன்.

அந்த நாயை வரைய ஆரம்பித்தால், சுவரில் வந்தது நீங்கள் 'ஜமீன்தார்' என்று கூப்பிடும் நம் நாய். வாசற்படியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். முகம் மட்டும் இன்னும் வரையவில்லை. டாக்டர் தினமும், "என்னம்மா, தலையில்லாத நாயா?" என்கிறார். வரையாமல் விட்ட இடமும் படம்தான் என்று புத்தகத்தைக் காட்டிச் சமாளிக்கிறேன். உண்மை அதுவல்ல; முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் அலமாரியில் இருக்கும் மெல்லிய பிரஷ்ஷை அனுப்பிவையுங்கள். இன்னொன்று. நான் கிளம்பிய அன்று ஜமீன்தார் நான் போன தெருவையே பார்த்துப் படுத்திருந்தார். இப்போதும் அப்படித்தானா, இல்லை வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? அந்தப் பக்கமே முகத்தை வரைந்துவிடுகிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். எந்தப் பக்கமானாலும் மறைக்காமல் எழுதுங்கள், அப்பா.

உங்கள் மகள்