யாரும் மாட்டாத போர்டு

11 நவம்பர் 2024, திங்கள்

பதினோராம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்காகத் தொழில்முனைவோர் மன்றம் என் தலையில் விழுந்திருக்கிறது. காலையிலேயே தலைமையாசிரியை கோமளவல்லி கூப்பிட்டார். "பிரின்சி, பசங்க ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிக்கணும், அதுக்கு ஒரு பொருள் செய்யணும், வித்துக் காட்டணும். பிப்ரவரியில திருவள்ளூர்ல மாவட்டப் போட்டி. ஒரு தடவையாவது நம்ம ஸ்கூல் பேர் வரட்டுமே" என்றார். அவர் திருவள்ளூர்க்காரர். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு தினமும் பஸ் மாறி மாறி வருகிறவர். சொந்த ஊரில் ஒருநாளாவது தலை நிமிர்ந்து நடக்க ஆசை, பாவம்.

நான் ஜென்மத்தில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலைகூட விற்றதில்லை. ஆனால் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு நிறையவே உண்டு. என் வீட்டுக்காரர் இம்மானுவேல் அதற்கு வம்பு என்று பெயர் வைத்திருக்கிறார். வியாபாரத்துக்கு அதுதான் முதல் தேவை என்று மன்றத்துக்கு வந்த கையேட்டில் அச்சடித்தே போட்டிருக்கிறது! அவருக்குக் காட்ட வேண்டும்.

14 நவம்பர்

"உங்க தெருவுல எது உங்களுக்குப் பெரிய தொல்லை?" என்று கேட்டேன். கொசு. கரன்ட். கொசு. பஸ். மறுபடியும் கொசு. சரி, கொசு என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். மணி அடித்து எல்லாரும் போன பிறகு ஏஞ்சல் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"எங்கப்பாவுக்குத் தூக்கம் இல்ல மிஸ்."

அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அம்மா மேரி காலையில் பேக்கிங் வேலைக்குப் போய்விடுவார், இவள் பள்ளிக்கூடம் வந்துவிடுவாள். விடிந்து வீட்டுக்கு வருகிறவர் தனியாகத்தான் தூங்க வேண்டும். எங்கே தூங்குவது? தண்ணீர் கேன்காரர் தட்டுகிறார், சிலிண்டர்காரர் தட்டுகிறார், கூரியர் தட்டுகிறார், ஜெபக்குழுவினர் தட்டுகிறார்கள், பந்து உள்ளே விழுந்துவிட்டது என்று பிள்ளைகள் தட்டுகிறார்கள்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும் மிஸ். போன மாசம் கேபின்ல ஒக்காந்துக்கினே அசந்துட்டாரு, லோடு போயி தூண்ல மோதிடுச்சி. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா கிரேன்லேர்ந்து எறக்கிடுவேன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு. எறக்கினாக்கூட பரவால்ல மிஸ். கீழ ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க இல்ல?"

கரும்பலகையில் இருந்த கொசுவை அழித்தேன்.

15 நவம்பர்

யார் யார் வீட்டில் நைட் ஷிப்ட் என்று கேட்டேன். கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. என் வீட்டிலும்தானே! காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து விழுகிற மனிதரை எத்தனை முறை காலிங்பெல் எழுப்புகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் இங்கே வகுப்பெடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

26 நவம்பர்

பொருள் தயார். அட்டைப் போர்டு, மேலே கயிறு, கதவில் மாட்டலாம். அட்டை பார்த்திபன் கொண்டுவந்தது. எதையும் எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுகிற பையன், எங்கிருந்து என்று நான் கேட்பதில்லை. நிலா படம் அவனே வரைந்தான். "நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார். தட்டாதீர்கள்" என்று ஏஞ்சல் முத்து முத்தாக எழுதினாள்.

எவ்வளவு எளிமை! இது ஏன் இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை?

(இந்தக் கேள்வியை அன்றே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். — டிசம்பரில் சேர்த்தது.)

3 டிசம்பர்

மழை விட்ட இடைவெளியில் ஏஞ்சல் வீடு இருக்கும் மாதா கோயில் தெருவில் விற்பனை. அத்தனையும் தீர்ந்துவிட்டது! இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஏஞ்சல் பேசவே மாட்டாள் என்று நினைத்தேன். வாசல் வாசலாக நின்று "அண்ணா நைட் ஷிப்டா? தூங்க வுடுறாங்களா?" என்று கேட்கிறாள், எதிரே நிற்கும் ஆளுக்கு முகமே மாறிவிடுகிறது. கோமளவல்லி மேடம் காலைப் பிரார்த்தனையில் பாராட்டினார். நானும் ஒரு போர்டு வாங்கினேன்.

11 டிசம்பர்

மாதா கோயில் தெரு வழியாக வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு கதவில்கூட போர்டு இல்லை.

12 டிசம்பர்

இன்றும் போனேன். இல்லை. மழைக்குப் பயந்து எடுத்து வைத்திருப்பார்களோ? மழைதான் நின்றுவிட்டதே.

16 டிசம்பர், திங்கள்

ஏஞ்சல் வீட்டுக் கதவிலேயே போர்டு இல்லை! "அம்மா எடுத்து பீரோவுல வெச்சிட்டாங்க மிஸ். இன்னாம்மான்னா, சும்மா இருடின்னு சொல்றாங்க. அப்பாவும் ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு. போன நைட் ஷிப்ட் வாரத்துலகூட தண்ணி கேன்காரரு எழுப்பிட்டாரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். இந்த வாரம் மறுபடியும் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க இவளுக்கும் தூக்கம் வருவதில்லையாம், ஃபோன் வந்துவிடுமோ என்று பயம்.

எனக்கு மண்டை காய்கிறது. ஆசையாகத்தான் வாங்கினார்கள். தொல்லையும் உண்மை. பிறகு ஏன்? பார்த்திபனைக் கேட்டால், "நம்ம பசங்களாச்சேன்னு வாங்கினாங்க மிஸ், அவ்ளோதான்" என்கிறான். அப்படியென்றால் வாங்கிவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பார்கள். பீரோவில் ஏன் வைக்க வேண்டும்?

18 டிசம்பர்

ஃப்ரிட்ஜுக்கு மேலே துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது — என் போர்டு. வாங்கிய நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறது. ஊரெல்லாம் ஏன் மாட்டவில்லை என்று ஒற்றன் மாதிரி அலைகிறேன், நான் ஏன் மாட்டவில்லை? மறந்துவிட்டேனா? இல்லை. எனக்குத் தெரியும், மறக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன், திரும்பி வந்து வைத்துவிட்டேன். ஏண்டி பிரின்சி?

19 டிசம்பர்

தெரிந்துவிட்டது!

இம்மானுவேல் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். பையன் ஹாஸ்டலில், வீட்டில் நான் மட்டும். வழக்கம் போல அவருடைய பழைய செருப்பை எடுத்து வாசல்படியில் போட்டேன். போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் ராத்திரி வேலைக்குப் போகும் நாளெல்லாம் இதைச் செய்கிறேன். உள்ளே ஆம்பிளை இருக்கிறார் என்று தெருவில் போகிற வருகிற ஆள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு உண்மை தெரியும், அது வேறு. முகம் தெரியாத ஆட்கள் எவ்வளவு பேர் இந்த ஊருக்குள் வருகிறார்கள், போகிறார்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்கிறேன் என்ற நினைப்புகூட இல்லாமல் செய்துகொண்டு இருக்கிறேன்.

அந்தக் கதவில் போய் "நைட் ஷிப்ட்" என்று எழுதி மாட்டினால்? பகலில் தூங்குகிறார் என்றால் ராத்திரி வீட்டில் இல்லை என்றுதானே அர்த்தம்! இந்த வீட்டுப் பொம்பிளை ராத்திரி தனியாக இருக்கிறாள் என்று படம் போட்டு, நிலாவும் வரைந்து, கயிறு கட்டி மாட்டச் சொல்லியிருக்கிறோம்.

20 டிசம்பர்

பள்ளி விட்டதும் மாதா கோயில் தெருவில் ஜெபக்கூட்டம் இருந்தது. வழக்கமாக நேரே பார்த்து நடப்பேன். இன்று கீழே பார்த்துக்கொண்டே நடந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது, நைட் ஷிப்டுக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் வீட்டு வாசல்களில் எல்லாம் ஆம்பிளைச் செருப்பு. ஒரு வீட்டில் தேய்ந்த கம்பெனி ஷூ. ஏஞ்சல் வீட்டு வாசலிலும் ஒரு ஜோடி.

மேரியைப் பார்த்துச் செருப்பைக் காட்டினேன். அவர் வெட்கமாகச் சிரித்தார். "புள்ள ஆசையா செஞ்சிக்கினு வந்துச்சி மிஸ். எப்டி வாணாம்னு சொல்றது? அதுக்கு பயத்தைச் சொல்லிக் குடுக்கணுமா நானு?" என்றார். தெரு முழுக்க ஒரே பயம், ஒரே வழி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

3 ஜனவரி 2025

வகுப்பில் செருப்பு விஷயத்தைச் சொன்னேன். பையன்கள் முழித்தார்கள். பெண் பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏஞ்சல் மட்டும் குனிந்தபடியே இருந்தாள். பிறகு, "அப்ப தட்டாதீங்கன்னு சொல்லணும், ஆனா ஏன்னு சொல்லக்கூடாது" என்றாள். அதேதான்.

பார்த்திபன்: "பாப்பா தூங்குதுன்னு போடலாம் மிஸ்." எத்தனை வீட்டில் பாப்பா இருக்கிறது? தெருவே சிரிக்கும்.

7 ஜனவரி

ஏஞ்சல் கண்டுபிடித்துவிட்டாள்! "பரீட்ச வந்தா கோயில் ஸ்பீக்கரையே நிறுத்திடறாங்க. படிக்கிற ஊட்டைப் போயி யாரு மிஸ் தட்டுவாங்க?"

படிக்கும் நேரம். தட்டாதீங்க. — இவ்வளவுதான். நிலாவுக்குப் பதில் புத்தகம். பழைய போர்டைக் கொண்டுவந்து கொடுத்தால் பின்பக்கத்தில் எழுதித் தருகிறோம்.

8 ஜனவரி

மேடத்துக்குப் பிடிக்கவில்லை. "பெருமாளே! பொய்யை எழுதி விக்கறதையா சொல்லித் தரேள், பிரின்சி?" எனக்கும் சுருக்கென்றது. பொய்தானா? வாசலில் போடும் செருப்பும் பொய்தானா? அதற்குள் பக்கத்தில் நின்ற ஏஞ்சல் சொன்னாள்: "படிக்கும் நேரம்னுதான் மிஸ் போட்டிருக்கோம். யாரு படிக்கிறாங்கன்னு போடல." மேடம் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

22 ஜனவரி

பொங்கல் லீவு முடிந்து போய்ப் பார்த்தால் மாதா கோயில் தெருவில் கதவுக்குக் கதவு போர்டு! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் காற்று அடித்தது. பாதிப் போர்டுகள் திரும்பிக்கொண்டு நிலாவும் நைட் ஷிப்டுமாகப் பல்லைக் காட்டின. ஒரு அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். பார்த்திபன் அன்று சாயங்காலம் முழுக்கப் பசை டப்பாவோடு வீடு வீடாகப் போய் நிலாவின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டு வந்தான்.

(இதை 23ஆம் தேதி எழுதுகிறேன், நேற்று எழுத நேரமில்லை.)

30 ஜனவரி

எங்கள் கதவிலும் போர்டு மாட்டினேன். இம்மானுவேல்: "நம்ம ஊட்ல யாரு படிக்கிறா?" நான்: "நான் பரீட்சை பேப்பர் திருத்துறேன், படிக்காம எப்படித் திருத்துறது?" மனிதர் சாயங்காலம் வரை தூங்கினார்.

14 பிப்ரவரி, வெள்ளி

திருவள்ளூர். மாவட்டப் போட்டி. மற்ற பள்ளிகள் ரோபோ, சூரிய சக்தி, செயலி என்று என்னென்னமோ கொண்டுவந்திருந்தார்கள். நம் மேஜையில் ஓர் அட்டை. தோற்ற கதையை எடுக்க வேண்டாம், விற்றுத் தீர்ந்ததை மட்டும் சொல் என்று ஏஞ்சலுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டிப்போனேன்.

நடுவர் கேட்டார்: "வாங்கினவங்க உபயோகிக்கிறாங்கன்னு எப்படிம்மா தெரியும்?" அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பையிலிருந்து நிலா போட்ட பழைய போர்டை எடுத்தாள். எப்போது வைத்தாள் அதை?

"மொதல்ல இத்த வித்தோம் சார். எல்லாரும் வாங்கினாங்க. ஒருத்தர்கூட மாட்டல. எங்கம்மாகூட."

அவள் செருப்பைச் சொன்னாள், பீரோவைச் சொன்னாள், தூணில் மோதிய லோடைச் சொன்னாள். நடுவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களில் ஒரு அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "நானும் போட்டிருக்கேன், அப்பாவோட செருப்பை" என்றார்.

முடிவு பிறகு வருமாம். ஏஞ்சல் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

3 மார்ச்

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. இந்த மாதம் போர்டு சொல்வது நிஜமாகவே உண்மை.

20 மே, செவ்வாய்

மேடம் ஃபோன் செய்தார். போட்டி முடிவு வந்துவிட்டதாம். மாநிலக் கண்காட்சிக்கு நம் பள்ளி! ஏஞ்சல் வீட்டு ஃபோன் எடுக்கவில்லை. வெயிலைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு மாதா கோயில் தெருவுக்கு ஓடினேன். கதவைத் தட்டக் கை ஓங்கிவிட்டேன். மூக்குக்கு நேரே போர்டு. கை அப்படியே நின்றது.

பக்கவாட்டு நிழலில் ஏஞ்சல் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து காதில் சொன்னேன். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல், இரண்டு காலாலும் குதித்தாள்.

"அப்பா இன்னும் கிரேன்தானே ஓட்டுறாரு?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆமா மிஸ். ஃபோர்மேனுக்கும் ஒரு போர்டு வோணுமாம், அப்பாகிட்ட கேட்டாராம்."

பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிற மே மாதம். கதவில் படிக்கும் நேரம், தட்டாதீங்க. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் தெருவரைக்கும் வந்தது. ராஜமாணிக்கம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.